பீர் ஆபீஸ் சுவரில் நாலு கண்ணாடி

1. போர்டு இல்லாத கட்டடம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற டவுன் பஸ்ஸில், ஒரு வளைவு வந்ததும் கண்டக்டர் "பீர் ஆபீஸ் எறங்கு" என்று குரல் கொடுப்பார். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ரெண்டு பேராவது ஆசையாக எழுந்து நிற்பார்கள். "உக்காருங்க அண்ணாச்சி, அங்கன ஒண்ணும் கெடைக்காது. பேரு மட்டுந்தான் மிச்சம்" என்று கண்டக்டரே அவர்களை உட்கார வைப்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். டேப்பும் தூக்குக்குண்டும் கிடக்கிற பையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் இறங்குவேன்.

கட்டடம் அளப்பது என் தொழில். லைசென்ஸ்டு சர்வேயர். ஆரம்பத்தில் புது வீடுகளுக்கு பிளான் போட்டேன். வயது ஏற ஏறப் பழைய கட்டடங்களே என்னைத் தேடி வந்தன. இது நிற்குமா, இடிக்கலாமா என்று பார்த்துச் சொல்கிற வேலை. இந்த வேலைக்கு இப்போது புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏணி ஏறி ஏறி எனக்கு முழங்கால் போய்விட்டது. சொல்ல வேண்டியதை உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

பீர் ஆபீஸை வாங்கியவர் குருசாமி அண்ணாச்சி. ஆலங்குளத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர். அந்த இடத்தில் சீசன் ஆட்களுக்கு லாட்ஜ் கட்டுவது அவர் எண்ணம். உள்ளே வாடகைக்கு இருந்தவர் சண்முகத்தாய். மலைத் தோட்டங்களிலிருந்து மங்குஸ்தானும் ரம்புத்தானும் பலாவும் வாங்கி, தரம் பிரித்துக் கடைகளுக்கு அனுப்புகிறவர். அவரிடம் நாலைந்து பெண்கள் வேலை பார்த்தார்கள். அந்தப் பெண்கள் உட்கார்ந்து பழம் பொறுக்கும் இடம், வாசல் சுவருக்கு நேர் கீழே.

முதல் நாள் அண்ணாச்சி வாசலிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மேடம், இந்த விரிசலப் பாத்தியளா? கையே உள்ள போவுது. இடிக்கணும்னு ஒரு சர்டிபிகேட் குடுத்திருங்க. நான் பாட்டுக்கு வேலையத் தொடங்குதேன்."

உள்ளேயிருந்து சண்முகத்தாய் தலையை நீட்டினார்.

"எந்தக் கை போவுதாம்? எறும்போட கையா?"

"நீ சிரிப்ப தாயி. நாளைக்கு அது எவ மேலயாவது விழுந்தா எம்பேருதான் பேப்பர்ல வரும். ஒம்பேரா வரும்?"

"எவ மேல விழுந்தாலும் அவ பேருந்தான் அண்ணாச்சி வரும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் விரிசலைப் பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே தொடங்கி, படிக்கட்டு மாதிரி மடங்கி மடங்கி இறங்கி, இடுப்பு உயரத்தில் நின்றிருந்தது. கை போகாது. எறும்பு தாராளமாகப் போகும். அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை இருந்தது. எங்கள் தொழிலில் எப்போதும் அது அங்கேதான் இருக்கும்.

2. சுவரை உரித்துப் பார்த்தது

ரிப்போர்ட்டில் 'கட்டடத்தின் வரலாறு' என்று ஒரு பத்தி எழுத வேண்டும். எந்தக் காலத்தில் கட்டியது, யார் யார் எதற்கு வைத்திருந்தார்கள், எங்கே உடைத்து எங்கே சேர்த்தார்கள். பேப்பர் எதுவும் அண்ணாச்சியிடம் இல்லை. எதிர் டீக்கடையில் கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்து பீர் கம்பெனி, அருவித் தண்ணீரில் காய்ச்சினார்கள், குடித்தவனுக்குப் பித்தம் தெளிந்தது என்றார் ஒருவர். துரை தன் குதிரைக்கும் தினமும் ஒரு பாட்டில் ஊற்றுவார் என்றார் அடுத்தவர்.

"குதிர பேரு என்ன?" என்றேன்.

"ராணி" என்றார், கண்ணை இமைக்காமல்.

டீயைக் குடித்துவிட்டுச் சுவரிடமே போனேன். கொத்துக் கரண்டியின் முனையால் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினேன். மேலே வெளிர் ரோஸ் டிஸ்டெம்பர், சண்முகத்தாய் அடித்தது. அதன் கீழே கறுப்பு. யாரோ சுவரையே கரும்பலகையாக்கிப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அதற்கும் கீழே தாரில் குத்திய மூட்டை எண்கள். ரேஷன் அரிசி அடுக்கியிருந்த காலம். கதவுகளின் அடியில் எலி கடித்த இடங்களுக்குத் தகரம் அடித்து ஒட்டுப் போட்டதும் அப்போதுதான் இருக்க வேண்டும். கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில், முட்டை ஓடு மாதிரி வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு. கம்பெனிக்காரன் பூசியது. அதைத் தொட்டால் விரல் நழுவியது. எத்தனை பேர் வந்து மேலே மேலே பூசிப் போனாலும், அந்த வெள்ளை உள்ளே உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

பீர் காய்ச்சிய கொட்டகைகள் எப்போதோ போய்விட்டன. அந்த மண்ணில் இப்போது லாட்ஜுகள். கணக்கும் கடிதமும் பார்த்த ஆபீஸ் மட்டும் தப்பித்து நிற்கிறது. அதன் பின்பக்கம் சில படிகள் இறங்கினால் ஒரு நிலவறை. இரண்டு பக்கமும் கல் தட்டுகள். தட்டுகளில் வட்ட வட்டமாகத் தேய்ந்த தடங்கள். பாட்டில் நின்ற தடம். ஒவ்வொரு முறை காய்ச்சியதிலும் சில பாட்டில்களை எடுத்து வந்து இங்கே வைத்து, கெடுகிறதா என்று பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்து கல் ஓடையில் முடிந்தது. கழுவிய தண்ணீர் அந்த ஓடை வழியாகக் கட்டடத்தின் அடியிலேயே ஓடி, வாசல் பக்கம் ரோட்டோரச் சாக்கடையில் சேர்ந்திருக்கிறது. இப்போது ஓடை முழுக்க மண்.

கம்பெனி ஏன் மூடிப் போனது என்று எந்தச் சுவரிலும் இல்லை.

சண்முகத்தாய் என் பின்னாலேயே படி இறங்கி வந்தார்.

"கைய வச்சுப் பாருங்க. சித்திரை வெயில்லயும் இந்தக் கல்லு இப்படித்தான் இருக்கும். மங்குஸ்தான வெளிய வச்சா ரெண்டு நாள்ல கல்லாப் போயிரும். ரம்புத்தான் மயிரெல்லாம் கறுத்துரும். இங்கன வச்சா ஒரு வாரம் நிக்கும். கடக்காரன் வெலயக் கொறச்சுக் கேட்டாம்னா, 'போலே, நாளைக்கு வா'ன்னு சொல்லுவேன். இந்த ரூமு இல்லேன்னா அவன் சொன்ன வெலதான்."

"வேற எடம் பாக்கலியா?"

"வேற எங்க மேடம் இப்படி ஒரு குளுந்த எடம் இருக்கு? மெஷின் ரூமு போடுததுக்கு நான் ஒங்க அண்ணாச்சியா?"

அவர் என் அண்ணாச்சி இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஃபீஸ் கொடுப்பவர் அவர்தான். சொல்லவில்லை.

3. காவல்

விரிசல் பழசா, இன்னும் வளருகிறதா என்று ஒரே நாளில் சொல்ல முடியாது. அதற்குக் கண்ணாடி ஒட்டுவோம். லேப் ஸ்லைடு மாதிரி மெல்லிய சில்லு. விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் எபாக்ஸிப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். டெல்-டேல் என்று படித்திருப்பீர்கள். சைட்டில் எல்லோருக்கும் அது கண்ணாடிதான்.

நாலு ஒட்டினேன். மூன்று கைக்கெட்டும் உயரத்தில். நாலாவது ஏணி போட்டு, நிலைக்கு மேலே. அண்ணாச்சியையும் சண்முகத்தாயையும் பக்கத்தில் நிறுத்திச் சொன்னேன்: சீசன் சாரல் போகட்டும், ஐப்பசி கார்த்திகை மழையும் போகட்டும். தை வரைக்கும் உடையாமல் இருந்தால் நிற்கும் என்று எழுதித் தருவேன். உடைந்தால் ஆபத்து என்று எழுதுவேன்.

"தை வரைக்குமா?" என்று அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார்.

"தை வரைக்குமா!" என்று சண்முகத்தாய் கும்பிட்டார்.

மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஆனி வந்தது. மலையிலிருந்து சாரல் இறங்கி ரோடு, மரம், பஸ், மனுஷர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நனைத்தது. சுவரில் ஓதம் ஏறி, ரோஸ் டிஸ்டெம்பர் கொப்புளம் விட்டது. கண்ணாடிகள் அப்படியே இருந்தன. ஆடி, ஆவணி. புரட்டாசி பிறந்ததும் போய் நாலையும் பார்த்தேன். அப்படியே இருந்தன.

இதற்குள் அந்தப் பெண்களுக்குக் கண்ணாடிகள் மேல் பாசமே வந்துவிட்டது. காலையில் வந்ததும் முதல் வேலை மூன்றையும் எட்டிப் பார்ப்பது. மெல்லிய துணியால் துடைப்பது. அவர்களில் இளையவள் இசக்கி. கல்யாணம் முடிந்து அந்த வருஷந்தான் கீழப்பாவூரிலிருந்து வந்தவள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "யக்கா, மேல இருக்கது பாவம், தனியா இருக்குலா. அதயும் தொடைக்கட்டா?"

"நீ ஏறாத. அத நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

4. ஆயுத பூஜை

புரட்டாசிக் கடைசியில் ஒரு வாரம் விடாத மழை. அதன் முடிவில் ஆயுத பூஜை. விஜயதசமி அன்று காலை அண்ணாச்சி போன் செய்தார்.

"மேடம், கண்ணாடி போச்சு. மூணும் போச்சு. நான் இங்கனதான் நிக்கேன். சீக்கிரம் வாங்க."

குரலில் சந்தோஷம் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. போனேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. தராசுக்குப் பொட்டு. பலா வெட்டும் கத்திக்குப் பொட்டு. கூடைகளுக்கு, ட்ரேக்களுக்கு, துடைப்பத்துக்குக்கூடப் பொட்டு. சுவரில் என் மூன்று கண்ணாடிகளின் நடுவிலும் சந்தனம் அப்பி, அதற்கு மேல் குங்குமம். மூன்றும் உடைந்திருந்தன.

சண்முகத்தாய் இசக்கியை முன்னால் நிறுத்தி வைத்திருந்தார்.

"சொல்லுட்டி. மேடத்துக்கிட்ட நீயே சொல்லு."

"கத்திக்கு வச்சேன், தராசுக்கு வச்சேன்" என்றாள் இசக்கி. கண் கலங்கியிருந்தது. "கண்ணாடியும் நமக்காகத்தான ராவும் பகலும் நிக்கி. அதுக்கு மட்டும் வைக்காம விட்டா கோவிச்சுக்கிடாதா? அதான் வச்சேன். டிக்குன்னு ஒரு சத்தம். ஒண்ணு உடஞ்சிட்டுதேன்னு பயந்து, மத்ததுக்கு மெதுவாத்தான் வச்சேன்."

"மெதுவா வச்சதும் போச்சு" என்றார் சண்முகத்தாய். "மூதி, நீ பொட்டு வச்சியா, ஆணி அடிச்சியா?"

"ஒண்ணு உடஞ்சதும் நிறுத்தியிருக்கலாம்லா?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுக்கு வச்சிட்டு மத்ததுக்கு வைக்காம இருந்தா ஓரவஞ்சனையால்லா ஆயிரும்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "அதெல்லாம் கத. கண்ணாடி உடஞ்சா சொவரு நகந்துருக்குன்னு நீங்கதான மேடம் சொன்னிய?"

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். சுவர் அசைந்து உடைகிற கண்ணாடி, விரிசல் போகிற கோட்டிலேயே ஒற்றைக் கோடாகப் பிரியும். இவை மூன்றும் பெருவிரல் பட்ட இடத்திலிருந்து நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தன. அந்த வெடிப்புக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. அண்ணாச்சியிடம் லென்ஸைக் கொடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் இரும்பு விற்பவர். எது எப்படி முறியும் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

"பொட்டுதான்" என்றார் கடைசியில். "சரி, புதுசா ஒட்டுங்க. தைக்கே பாத்துக்கிடுவோம்." ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிப் போனார்.

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். இசக்கியை ஒருத்தி கட்டிக்கொண்டாள். சண்முகத்தாய் ஒரு சீத்தாப்பழத்தைப் பிளந்து என் கையில் வைத்தார். அந்த நேரத்தில் எனக்கு இருந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. நான் அவர்கள் பக்கம் என்று அதுவரை எனக்கே தெரியாது.

பழத்தைத் தின்று முடித்து, கையைக் கழுவிவிட்டு, ஏணியை எடுத்தேன். மூன்றை மாற்றும்போது நாலாவதையும் பார்த்துவிடுவது வழக்கம். அவ்வளவுதான்.

5. மேலே இருந்தது

ஏணியை இசக்கி பிடித்துக்கொண்டாள்.

நாலாவது கண்ணாடியில் சந்தனம் இல்லை. விரல் தடம் இல்லை. சுற்றியிருந்த தூசியும் சிலந்தி வலையும் கலையாமல் இருந்தன. ஏணி வைத்து யாரும் ஏறியதற்கு அடையாளம் இல்லை. கண்ணாடி நேர்கோடாக, விரிசலின் மேலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவில் என் நகம் நுழைந்தது. ஒரு துண்டு மற்றதைவிட ரோட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றது.

கீழே அந்த மண்ணடைத்த ஓடை எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வார மழையும் எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்தேன். அஸ்திவாரத்தின் அடியில்தான். தண்ணீர் போகக் கம்பெனிக்காரன் வைத்த வழி, தண்ணீர் தேங்கும் குழியாகிவிட்டது.

ஏணியின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றேன். "யக்கா, கால் வலிக்கா?" என்று இசக்கி கேட்டாள். இறங்கினேன். சண்முகத்தாயை நிலவறைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். மற்றவர்கள் முன்னால் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அவர் கல் தட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி பாக்கலியே."

"நான் பாத்துட்டேனே."

"புதுசா ஒண்ணு ஒட்டிருங்க மேடம். கீழ மூணு ஒட்டுதீயள்லா, அதோட அதயும். தைக்குப் பாத்துக்கிடலாம்."

"அதுக்குள்ள ஐப்பசி மழை இருக்கு."

"நாந்தான கீழ உக்காருதேன்? விழுந்தா எம்மேலதான விழும்? எனக்கே இல்லாத பயம் ஒங்களுக்கு எதுக்கு?"

மேலே யாரோ எதையோ சொல்ல, பெண்கள் சிரிக்கும் சத்தம் படி வழியாக இறங்கி வந்தது. இசக்கியின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

"அவளும்லா உக்காருதா" என்றேன்.

சண்முகத்தாய் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு, அந்தக் குளிர்ச்சியைக் கையில் வாங்குவது மாதிரி இருந்தார். பிறகு எழுந்து, "அண்ணாச்சிக்கு நானே போன் போடுதேன். நீங்க சொன்னா அவருக்கு எகத்தாளமாப் போயிரும்" என்றார்.

6. எழுதியதும் நடந்ததும்

வாசல் சுவர் ஆபத்தானது, அதையும் அது தாங்கும் முன்பகுதியையும் பிரிக்க வேண்டும், நிலவறை உறுதியாக இருக்கிறது, அதற்குப் பின்பக்கமாக வழி எடுத்தால் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று ரிப்போர்ட் எழுதினேன். அண்ணாச்சி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். "லாட்ஜு வரப்போற எடத்துக்குப் பின்னாடி வழி எடுத்து யாருக்கு மேடம்?" என்றார். கட்டடம் அவருடையது. ஐப்பசி மழை வலுப்பதற்குள் சண்முகத்தாய் காலி செய்துவிட்டார். கூடைகளை ஏற்றும்போது நான் போகவில்லை. போயிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகையிலும் பெய்தது. சுவர் விழவில்லை.

அண்ணாச்சிக்கு லாட்ஜுக்கான பெர்மிஷன் இழுத்துக்கொண்டே போகிறது, அது கிடைத்த பிறகுதான் இடிப்பு என்கிறார். கட்டடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கிட்ட வரக்கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார். அடுத்த சீசனும் வந்து போய்விட்டது. சுவர் அப்படியே நிற்கிறது. பஸ் அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் என் கண் தானாக அந்தப் பக்கம் போகும். விழுந்திருக்கிறதா என்று பார்க்கும். நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்வேன். அதற்கு ஏமாற்றம் என்றுதான் பெயர். ஒரு சுவர் நிற்பதற்காக ஏமாறுகிற இடத்துக்கு என் தொழில் என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. எனக்கே அலுப்பாக இருக்கிறது.

சண்முகத்தாய் இப்போது ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டுப் பழம் விற்கிறார். வேலைக்கு இசக்கி மட்டும். மத்தியானம் தகரம் காய்ந்தால் பழம் வெந்துவிடும் என்பதால், கடைக்காரர்கள் கேட்கும் விலைக்குக் காலையிலேயே கொடுத்துவிடுகிறார். ரொம்ப நாள் அந்தப் பக்கம் இறங்காமல் இருந்தேன். போன மாதம்தான் இறங்கினேன்.

"இன்னும் நிக்கி, பாத்தியளா?" என்றார், என்னைக் கண்டதும். முன்னுரை எதுவும் இல்லை.

"பாத்தேன்."

"அது விழணும்னு தெனமும் கும்பிடுதேன். ஆளு அரவம் இல்லாத நேரமாப் பாத்து விழணும். விழுந்துட்டா, தப்பிச்சோம்னு சொல்லிக்கிடலாம்லா. இப்ப என்னன்னு சொல்ல? சும்மா வெளிய வந்து நிக்கோம்."

நானும் அதே வேண்டுதலோடுதான் பஸ்ஸில் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார். பிறகு இசக்கி பக்கம் திரும்பி, "ஏட்டி, மேடத்துக்கு அந்த ஸ்டூல எடுத்துப் போடு" என்றார்.

உட்கார்ந்ததும், பழக்க தோஷம், மேலே பார்த்தேன், அப்படியே கண்ணைக் கீழே இறக்கினேன். கூரையைத் தாங்கிய நாலு கம்பங்களில் ஒன்று, மண்ணைத் தொடும் இடத்தில் செல்லரித்திருந்தது. காலால் லேசாகத் தட்டினேன். உளுத்த சத்தம்.

சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்தது உண்மை.

"இத மாத்திருங்க" என்றேன்.

"எக்கா, இவுகள உள்ள விடாதிய" என்று இசக்கி சண்முகத்தாயைப் பார்த்துக் கத்தினாள். "இங்கன இருந்தும் நம்மள வெளியேத்திருவாக!"

மூன்று பேரும் சிரித்தோம். சண்முகத்தாய் சிரித்துக்கொண்டே குனிந்து அந்தக் கம்பத்தை ஒரு விரலால் குத்திப் பார்த்தார். தூள் உதிர்ந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நீங்கள் விழும் என்று சொன்ன சுவர் விழாமலே நிற்கலாம். நீங்கள் சொன்னது சரி என்று அது ஒருநாளும் வந்து சாட்சி சொல்லாது. உங்களால் எதையோ இழந்தவர் அதே ரோட்டில்தான் இருப்பார். அவர் கொட்டகைக்குள் போய் உட்காருங்கள். அங்கேயும் மேலே பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் போகும்போது, கொட்டகையில் ஒரு கம்பம் மட்டும் புதுசாக, பச்சை மரப்பட்டையோடு நின்றது.